சாம்பல் நிறக் கட்டங்கள்

“ஊருக்கெல்லாம் ஓசியில நெட்டு குடுக்க அவனுக்கு என்ன நேர்ச்சையா?”

என் அக்காவின் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டார். அந்தோணியார் திருநாளுக்கு யாராவது வேண்டிக்கொண்டு ஊருக்கே சோறு போடுவார்கள். அதை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நேர்ச்சை என்போம். எந்தப் புனிதரிடம் வேண்டிக்கொண்டு ஒரு போன் கம்பெனிக்காரன், நெற்குப்பைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவர் மருமகளுக்கு இன்டர்நெட்டைச் சும்மா கொடுக்கிறான் என்பது அவருடைய கேள்வி.

“ஆள் சேக்குறதுக்காகக் குடுக்குறாங்க அத்தை. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது” என்றேன்.

அப்போது நான் காரைக்குடியில் விடுதியில் தங்கி முதுகலை முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரி என்ன, உயர்நிலைப் பள்ளியை மிதித்ததும் நான்தான். அப்பா கண்மாய்க்குக் கீழே கொஞ்ச நிலத்தை வாரத்துக்கு எடுத்து விவசாயம் பார்ப்பவர். பத்திரமானாலும் ரேஷன் கடையானாலும் அவருக்குக் கைநாட்டுத்தான். அம்மாவுக்கு அதற்கும் வாய்ப்பு வந்ததில்லை. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றாள். அம்மா களை எடுக்கப் போக, தொட்டிலில் கிடந்த என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஆகவே அக்கா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பாள், பூசையில் பாட்டுப்புத்தகம் வாசிப்பாள். ஆங்கிலம் என்றால் ஒன்றும் தெரியாது.

அக்காவுக்குக் கல்யாணமான சில மாதங்களிலேயே மச்சான் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவருடைய போன் வரும். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீர்களா, மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்று பேசி வைத்துவிடுவார்கள். புருசனும் பொண்டாட்டியும் தனியாகப் பேசிக்கொள்ள அந்த வீட்டில் இடமும் இல்லை, வழக்கமும் இல்லை.

அப்படி இருந்தபோதுதான் எங்கள் கல்லூரி வாசலில் ஒரு போன் கம்பெனியின் ஆட்கள் குடை விரித்து உட்கார்ந்தார்கள். சிம்மும் சும்மா, நெட்டும் சும்மா என்றார்கள். முழு நெட்டும் அல்ல, அவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த சில மட்டும். வானிலை, வேலைவாய்ப்பு, செய்தி, கர்ப்பிணிகளுக்கான குறிப்புகள், கிரிக்கெட், ஒரு அகராதி. அவற்றோடு, உலகமெல்லாம் படம் போட்டு லைக் வாங்கும் அந்தத் தளமும் இருந்தது. மச்சான் அதில்தான் இருந்தார். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சிம்மை வாங்கி, மூலையில் கீறல் விழுந்த என் பழைய போனில் போட்டு, அந்த வாரக் கடைசியில் அக்கா கையில் கொடுத்தேன்.

நான் படித்த படிப்பிலிருந்து வேறொருவருக்குப் பயன்பட்ட முதல் பொருள் அதுதான் என்று அன்று நினைத்தேன். அப்பா உரம் வாங்கும்போது மூட்டையில் இருப்பதை வாசித்துச் சொல்வேன், அம்மாவின் மாத்திரை அட்டையை வாசித்துச் சொல்வேன். அதெல்லாம் சின்ன வேலை. இது பெரியது. அக்காவுக்கு ஒரு கணக்குத் தொடங்கி, மச்சானைச் சேர்த்து, அவர் போட்டிருந்த படங்களைக் காட்டினேன். கம்பிக்கட்டுக்கு நடுவே தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“அவுக கறுத்துப் போயிட்டாகல்ல” என்றாள்.

மச்சானும் எட்டாவதுதான். பேச்சும் குறைவு, எழுத்து அதைவிடக் குறைவு. சொல்ல நினைப்பதைப் படமாக எடுத்துப் போட்டுவிடுவார். மேலே ஒரு வார்த்தை இருக்காது. அக்காவுக்கும் தட்டச்சு செய்ய வராது. அதனால் எளிதான வழி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். “மச்சான் ஏதாச்சும் போட்டா இந்தக் கட்டைவிரலை அமுக்கு. பாத்துட்டேன்னு அர்த்தம். அவுகளுக்குப் போயிரும்.”

அவள் அமுக்கினாள். அடுத்த நொடியே அது கடல் தாண்டிப் போய்விட்டது என்று சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எல்லாம் நன்றாக இருந்தது, நான் பார்த்த அளவில். என் போனில் மச்சானின் படங்கள் வரும். கடற்கரை, பத்துப் பேர் படுக்கும் அறை, அடுப்பில் கொதிக்கும் கறி, தீபாவளி விளக்குப் போட்ட தெரு. ஒவ்வொன்றின் கீழும் முதல் பெயர் அக்காவுடையதாக இருக்கும். காலையில் எழுந்து வாசல் தெளிக்கும் முன்னால் போனைத் திறப்பாளாம். தனக்கு முன்னால் வேறு யாரும் லைக் போட்டுவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். நான் போனில் கிண்டல் செய்தால், “பொண்டாட்டி இருக்கையில மத்தவுகளுக்கு என்ன அவசரம்” என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு மச்சான் ஒரு கடையில் தொங்கும் இரண்டு சேலைகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். முதலில் மஞ்சள், அடுத்து ஊதா, தனித்தனிப் படமாக. அக்கா இரண்டுக்கும் லைக் போட்டிருந்தாள். ஊருக்கு வந்த ஒருவர் கையில் மஞ்சள் சேலை வந்து சேர்ந்தது. அக்காவுக்கு மஞ்சள் பிடிக்காது. ஆனாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் பூசைக்குப் போனாள். ஏன் மஞ்சளைக் கேட்டாய் என்றேன். “அவுகளா எடுத்தது” என்று மட்டும் சொன்னாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்த மாதிரி இலவச நெட் நல்லதா கெட்டதா என்று நாடெல்லாம் பேச்சாக இருந்தது. தில்லியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. எங்கள் துறையிலும் ஒரு விவாதம் வைத்தார்கள். சிலதை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டால், ஏழைக்கு அதுதான் உலகம் என்று ஆகிவிடும் என்று ஒருத்தி பேசினாள். அவளுடைய அப்பா வங்கி அதிகாரி. நான் எழுந்து, ஒன்றுமே இல்லாதவர்களுக்கு எது கிடைத்தாலும் கிடைத்ததுதான், அதை வேண்டாம் என்று சொல்ல எல்லாம் இருப்பவர்களுக்கு உரிமை இல்லை என்றேன். “மூன்றாம் வகுப்புப் படித்த என் அக்கா தினமும் காலையில் சிங்கப்பூரில் இருக்கும் தன் கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அதை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?” என்று கேட்டேன். நெடுநேரம் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அம்மா விடுதிக்குப் போன் செய்தாள். அம்மா தானாக எண்ணை அமுக்கிக் கூப்பிடுபவள் இல்லை, யாரையோ அமுக்கித் தரச் சொல்லியிருக்கிறாள். அக்கா வீட்டுக்கு உடனே போய்வா என்றாள். மச்சானுக்கு வேலை செய்யும் இடத்தில் இரும்புத் தூண் சரிந்து கால் எலும்பு முறிந்துவிட்டது, அதை அவர் படமாகப் போட்டிருக்கிறார், அக்கா அதைப் பார்த்து லைக் போட்டிருக்கிறாள், அது பெரிய சண்டையாகிவிட்டது என்றாள். லைக் என்பதை அவள், “அந்தக் கட்டைவிரல் என்னமோ” என்று சொன்னாள்.

பஸ்ஸில் போகும்போது என் போனைத் திறந்து பார்த்தேன். நான்கைந்து நாளாகத் தேர்வு வேலையில் அந்தப் பக்கமே போகவில்லை. படம் இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் மச்சான். முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டிருந்தார். மேலே வழக்கம்போல ஒரு வார்த்தையும் இல்லை. கீழே, முதல் ஆளாக, அக்காவின் கட்டைவிரல்.

வீட்டில் அத்தையும், காரைக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கும் மச்சானின் தங்கையும் இருந்தார்கள். முந்தின நாள் பூசை முடிந்து கோயில் வளாகத்தில், எல்லோருக்கும் முன்னால் அந்தத் தங்கைதான் அக்காவிடம் போனை நீட்டி, “மதினி, இதப் பாத்துமா ஒங்களுக்கு இது நல்லா இருந்துச்சு?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா அப்போதுதான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதைக் கூட நடிப்பு என்றுதான் பேசிக்கொண்டார்களாம். அன்று மச்சானின் போன் அக்காவுக்கு வரவில்லை. தங்கையின் போனுக்கு வந்தது.

“வாங்க டீச்சரம்மா” என்றார் அத்தை. நான் டீச்சர் இல்லை. “உங்க அப்பா பத்திரத்துல கட்டவெரல வச்சாரு. உங்க அக்கா எம்மகன் ஒடஞ்ச கால்ல கட்டவெரல வச்சிருக்கா. உங்க குடும்பத்துக்கு வேற வெரலே இல்லையா?”

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். எனக்குக் காது சுட்டது. தெரியாமல் நடந்திருக்கும் என்றேன்.

“என்ன தெரியாம? பாக்காம யாராச்சும் போடுவாகளா? அவன் ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு, பொண்டாட்டி இப்பக் கூப்புடுவா அப்பக் கூப்புடுவான்னு போனையே பாத்துக்கிட்டு இருந்திருக்கான். வந்தது இதுதான். எங்கிட்டக் கூட எதுவும் சொல்லலை, பயந்துருவேன்னு. அவளுக்குத்தான் காட்டிருக்கான்.” அத்தையின் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டார். “அவன் வார வரைக்கும் உங்க அக்காவ உங்க வீட்டுலயே வச்சுக்கங்க. அவனும் வேணாங்கலை.”

வேணாங்கலை. பிள்ளையும் இல்லாமல், புருசனும் கடல் கடந்துவிட்ட வீட்டிலிருந்து, இப்படி ஒரு பெண்ணை அனுப்பினால் அவள் எப்போது, எப்படித் திரும்பி வருவாள்? வார வரைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் முடிவே இல்லாத காலம்.

அக்கா கொல்லையில் துவைகல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, குற்றம் செய்த பொருளை ஒப்படைப்பது போல என்னிடம் நீட்டினாள்.

திறந்தேன். மச்சானின் பெயர் இருந்தது. அதன் கீழே படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள், படம் பார்க்க வேண்டுமானால் டேட்டா கட்டணம் உண்டு என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. கீழே தள்ளினேன். இன்னொரு கட்டம். அதற்குக் கீழே இன்னொன்று. கடல் ஒரு கட்டம். கறி ஒரு கட்டம். சேலைகள் இரண்டு கட்டம். ஒவ்வொன்றின் அடியிலும் நீல நிறத்தில் கட்டைவிரல்.

“அக்கா, இதுல படமே இல்லையே” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “உனக்குந் தெரியலையா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“எனக்கு மட்டுந்தான் தெரியலைன்னு நெனச்சேன். மொத வாரம் எல்லாம் வந்துச்சு. அப்பறம் நிண்டுபோச்சு. நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துப்புட்டேன்னு இருந்தேன். அதுல இங்கிலீசுல என்னமோ எழுதிருக்குல்ல, படிச்சவுகளுக்கு அது வழியாத் தெரியும்போலன்னு விட்டுட்டேன்.”

முதல் வாரம் வந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. புது சிம்முக்கென்று கொஞ்சம் டேட்டா கொடுத்திருப்பார்கள். நான் காட்டிய அன்று தெரிந்ததெல்லாம் அதில்தான். அது தீர்ந்ததும் படங்கள் போய்விட்டன. பெயர்கள் மட்டும் நின்றன.

“ஒரு வருசமா ஒரு வார்த்தை கேக்கலையேக்கா.”

“கேட்டா, இதுகூடத் தெரியலையாம்ப.” கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் அப்படிச் சொல்லக்கூடியவள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“பின்ன எதுக்கு லைக் போட்ட?”

“நீதான சொன்ன, பாத்துட்டேன்னு அர்த்தம்னு. அவுக பேரு வருதுல்ல. அதப் பாத்தேன்ல.”

அந்தக் கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகமாக அலைக்கழித்தது. கட்டத்துக்குள் எழுதித்தான் வைத்திருந்தான். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வரி தேவையே இல்லை, அவர்களிடம் டேட்டா இருக்கும். யாருக்காக அதைக் கொடுப்பதாகச் சொன்னானோ, அவளால் வாசிக்க முடியாத மொழியில் அது இருந்தது. அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில் மச்சானின் பெயர் இலவசம், முகத்துக்குக் காசு. எழுதத் தெரிந்த இருவராக இருந்திருந்தால் அந்தப் பெயரும் எழுத்தும் போதுமானதாக இருந்திருக்கும். இவர்கள் இருவருக்கும் படம்தான் கடிதம்.

நான் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு போய் அத்தைக்கு முன்னால் தரையில் வைத்தேன். ஒன்றில் மாவுக்கட்டு, இன்னொன்றில் கட்டம். காசில்லாத நெட்டில் படம் வராது, அக்கா எதையும் பார்க்கவே இல்லை என்று விளக்கினேன். தங்கை குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் பேசாமல் நகர்ந்ததிலேயே தெரிந்தது. அத்தை அப்படி நகரவில்லை.

“நீ சொல்றது நெசம்னே வச்சுக்குவோம்” என்றார். “ஒரு வருசமா புருசன் மொகமே இவளுக்குத் தெரியலை. ஏன் தெரியலைன்னு ஒருத்தருகிட்டயும் கேக்கலை. பாத்தமாதிரியே போட்டுக்கிட்டு இருந்திருக்கா. இது அதவிட மோசமால்ல இருக்கு.”

அவரிடம் உங்களுக்குப் புரியாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நான் சொன்ன எல்லாமே அவருக்குப் புரிந்திருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் அக்கா என்னோடு, பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கட்டைப்பை நிறையத் துணி. மஞ்சள் சேலை மேலாக இருந்தது.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்பாவின் பழைய நண்பர் ஒருவரின் போனில் படம் எடுத்து வாங்கி, மச்சானுக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன். நீளமாக எழுதி அழித்தேன். விவாதத்தில் பேசுவது போல வந்தது. கடைசியில், ‘அக்கா போனில் படம் வராது மச்சான். எதுவும் வந்ததில்லை. இதைப் பாருங்கள்’ என்று மட்டும் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அக்கா அம்மாவோடு வயலுக்குப் போனாள், வந்தாள், சோறு வடித்தாள். பக்கத்து வீட்டில் எப்போது வந்தாய் என்று கேட்டார்கள். எப்போது போகிறாய் என்று இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். பூசை முடிந்து வந்து அக்கா அடுப்படியில் இருந்தபோது போன் அடித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எடுத்தாள். அந்தப் பழைய போனில் ஸ்பீக்கரைப் போட்டால்தான் பேச்சு கேட்கும். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நானும் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“உன் தங்கச்சி அனுப்புனது நெசமா?” என்றார் மச்சான்.

“நெசந்தான்.”

“எல்லாமே கட்டமாத்தான் இருந்துச்சா?”

“மொத வாரத்தத் தவுத்து.”

அங்கே தூரத்தில் யாரோ இருமினார்கள்.

“கடலு?”

“இல்ல.”

“நான் ஆக்குன ஆட்டுக்கறி? ரூமுல எல்லாரும் அடிச்சுக்கிட்டுத் தின்னாக, அத ஒனக்குன்னு எடுத்தேன்.”

“இல்லங்க.”

“மஞ்சச் சேல? அதுக்குத்தான மொதல்ல போட்ட. ஒனக்கு மஞ்ச புடிக்காதேன்னு நெனச்சேன். சரி, போட்டுட்டியேன்னுதான் எடுத்தேன்.”

அக்கா கொடியில் கிடந்த மஞ்சள் சேலையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப இத்தன நாளும் நான் யாருக்குக் காட்டிக்கிட்டு இருந்தேன்?”

அவர் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். அக்கா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்க பேரு வரும்” என்றாள். “கால வேளையில அத மொதல்ல பாப்பேன். பேரு வந்துருச்சு, நல்லா இருக்காகன்னு நெனச்சுக்குவேன். அந்தக் கட்டவெரல அதுக்குத்தான் அமுக்குவேன். கால் ஒடஞ்ச அன்னைக்கும் பேரு வந்துச்சு. நல்லா இருக்காகன்னு நெனச்சுக்கிட்டுத்தான் வேலையப் பாத்தேன்.”

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்தில் மச்சான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாரா, சளியா என்று என்னால் சொல்ல முடியாது.

“வலிக்குதா?” என்று கேட்டாள் அக்கா.

“வலிக்கத்தான் செய்யுது.” பிறகு, “மொதல்ல இருந்து பாரு” என்றார். “ஒண்ணு விடாமப் பாரு. பாத்துட்டு ஒவ்வொண்ணுலயும் என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. அப்பறம் மத்ததப் பேசுவோம். அம்மாகிட்டயும் அப்பறம் சொல்றேன்.”

அத்தை வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

மறுநாளே நான் காரைக்குடிக்குப் போகாமல், பள்ளத்தூர்க் கடையில் அக்காவின் போனுக்கு ஒரு நாள் டேட்டா பேக் போட்டுவந்தேன். இருவரும் உட்கார்ந்து அடியிலிருந்து திறந்தோம். ஒவ்வொரு கட்டமும் மெதுவாக மேலிருந்து கீழே படமாக மாறியது. அக்கா அவசரப்படுத்தவில்லை. ஒரு தெரு வந்தது, ஒரு பூனை வந்தது, லாரியில் நின்றுகொண்டு போகும் ஆட்கள் வந்தார்கள். ஏன் பூனையை எடுத்தார் என்று நான் கேட்டதற்கு, “எங்க வீட்டுப் பூனை செத்துப்போச்சுல்ல, அது மாதிரியே இருக்கு” என்றாள். எனக்கு அது வெறும் பூனை. அந்தப் படம் என் போனிலும் வந்திருந்தது, நான் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்த படம் பாதியில் நின்றது. வானம் வந்தது, ஒரு கட்டடத்தின் உச்சி வந்தது, மச்சானின் நெற்றி வரை வந்தது. அதோடு பேக் தீர்ந்துவிட்டது. அக்கா அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மீதிய நாளைக்குப் பாப்போமா?” என்றாள், கடையில் மிச்சம் வாங்குவதைப் பற்றிப் பேசுவதுபோல.

மீதி ஒரு வருடம் இருந்தது. ஒரு நாள் பேக்காகப் போட்டுப் பார்த்தால் எப்போது முடியும்? அதுவரை அவள் இங்கேயே இருப்பாள். பக்கத்து வீட்டில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே அத்தை, தான் சொன்னதுதான் சரி என்று இருப்பார். மச்சானும் காத்திருந்து பார்த்துவிட்டு, இவளுக்குப் பார்க்கும் விருப்பமே இல்லை என்று நினைத்துவிடலாம்.

என் போனில் மாதம் முழுக்க டேட்டா உண்டு. என் பாடக் குறிப்புகள், தோழிகள், என் படங்கள் எல்லாம் அதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் விடுதியில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அதில் அக்காவின் கணக்கைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். எண் மாறியதை மச்சானுக்குச் சொல்லிவிட்டேன் என்றேன்.

“உனக்கு?” என்றாள்.

“எனக்கு இது போதும்” என்று அவளுடைய போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். போதும் என்பது உண்மை இல்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் குனிந்துவிட்டிருந்தாள்.

பஸ்ஸில் அந்த இலவச நெட்டைத் திறந்து என் பெயரில் உள்ளே போனேன். எங்கள் வகுப்புக் குழுவில் புதிதாக ஏதோ போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று பெயர் இருந்தது. கீழே வரிசையாக லைக்குகள். நடுவில் சாம்பல் நிறத்தில் கட்டம். தேர்வுக் கால அட்டவணையாக இருக்கலாம். யாருடைய பிறந்தநாள் கேக்காகவும் இருக்கலாம். பேசாமல் நானும் ஒரு கட்டைவிரலை அமுக்கிவிட்டு, விடுதிக்குப் போய் அறைத்தோழியின் போனில் ஓரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவுக்கு ஒரு வருடம் அப்படித்தான் போயிருக்கிறது. அந்தக் குழுவில் விவாதத்தில் எதிர்த்துப் பேசிய பெண்ணும் இருந்தாள், எனக்குக் கைதட்டிய எல்லோரும் இருந்தார்கள். கட்டைவிரலை அமுக்காமல் எழுதத் தொடங்கினேன்.

‘இலவச நெட்டில் இருக்கிறேன். இதில் படம் எதுவும் தெரியாது. நீங்கள் போட்டிருப்பதில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதுங்கள். இனி போடும்போதும் எழுதுங்கள்’ என்று எழுதி, பஸ் காரைக்குடிக்குள் நுழைவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன்.